ஜப்பானுக்கு முதல் பயணம்: கேட்டவையும் என் பதில்களும்

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் ஜப்பான் கிளம்பினாலும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இந்த முறை எல்லோரையும் மொத்தமாகக் கேட்கச் சொன்னேன். கோயில், கோபுரம், செர்ரிப்பூ எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இது முழுக்க நடைமுறை விஷயம்.

செல்வி, கோயம்புத்தூர்: அக்கா, இ-விசா வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் போதுமா?

போதாது. முதல் தடுமாற்றமே இங்கேதான். இந்த விசாவை இணையத்தோடு இணைந்த போனில், அந்தத் தளத்துக்குள் போய் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். பிரிண்ட், பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஊர் விமான நிலையத்தில் பெட்டி போடும்போதே கேட்கலாம், இங்கே இறங்கியதும் கேட்கலாம். எனவே போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்க வேண்டும். 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களைக் கிளம்பும் முன்பே நிரப்பி, வரும் கியூஆர் குறியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று படிவம் எழுதும் வேலை மிச்சம்.

மீனாட்சிசுந்தரம், மதுரை: நானும் மனைவியும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பத்து நாள் சமாளிக்க முடியுமாம்மா?

முடியும் சார். ஆனால் ஜப்பானில் 'சைவம்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கறி இல்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள், மேலே மீன் செதில் தூவியிருக்கும். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் அது ருசிக்குத் தூவுகிற சாமான், மீனே இல்லை.

சிக்கலுக்கு மூலகாரணம் 'தாஷி'. நம் ஊரில் தாளிப்பு எப்படியோ, இங்கே தாஷி அப்படி. பெரும்பாலும் 'கட்சுவோபுஷி' என்கிற காய்ந்த மீனைச் சீவி, வெந்நீரில் போட்டு எடுக்கும் சாறு. இலங்கைக்காரர்கள் சம்பலில் போடும் மாசிக் கருவாட்டுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன், இரண்டுமே சூரை வகை மீன்தான். மிசோ சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் குழம்பு, நம் பஜ்ஜி மாதிரியான தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த பூசணிக்காய் என்று எல்லாவற்றிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

அதனால் 'நான் வெஜிடேரியன்' என்று சொல்லாதீர்கள். எதெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்று பட்டியலாகச் சொல்லுங்கள்: "நிகு, சகானா, தாஷி, தமாகோ, தாபெராரெமசென்." கறி, மீன், தாஷி, முட்டை சாப்பிட இயலாது என்று பொருள். இதையே ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டினால் இன்னும் நல்லது. பல கடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, முடியாது என்பார்கள். வருத்தப்படாமல் அடுத்த கடைக்கு நடங்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு எதையாவது கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காலைக்கு, தெருவுக்குத் தெரு இருக்கும் 'கன்பினி' என்ற சின்னப் பல்பொருள் கடைகள் போதும். வாழைப்பழம், சோயா பால், கடலை வகைகள், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். ரொட்டியில் முட்டையோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். சில தயிரில் ஜெலட்டின் சேர்ப்பார்கள். போன் கேமராவை அட்டைமேல் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். மதியமும் இரவும் இந்திய உணவகம் எந்த நகரத்திலும் அகப்படும். பெரும்பாலும் நேபாளிகள் நடத்துவது. நான் ரொட்டியில் முட்டை போடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தோசைக்கு ஏங்கினால் எங்கள் நிஷி-கசாய் பக்கம் வாருங்கள்.

ஒன்று சொல்கிறேன், பயணத் திட்டத்தில் கோயாசான் மலையில் ஒரு இரவு வையுங்கள். அங்கே பௌத்த மடங்களிலேயே தங்கலாம். 'ஷோஜின் ரியோரி' என்ற துறவிகளின் சாப்பாடு போடுவார்கள். கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட மரபுப்படி கிடையாது. தாஷியைக் கடல்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். என் மாமியார் இந்த நாட்டில் சந்தேகப்படாமல் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

பிரியா, திருச்சி: பருப்புப்பொடி, ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா?

பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாக. கோழி ஊறுகாய், மட்டன் தொக்கு, கறி கலந்த எதுவும் வேண்டாம், தடை. தெரியாமல் கொண்டுவந்தேன் என்பதெல்லாம் எடுபடாது, பெரிய அபராதம் வரை போகும். பச்சைக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சை, மாம்பழம் ஆகியவற்றையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் காயும் பழமும் உள்ளே வராது.

குக்கர் வேண்டவே வேண்டாம். இங்கே மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த குக்கரைப் போட்டால் சூடு ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அரிசி ஊறும், வேகாது. பதிலாக 'பாக்கு கோஹான்' என்று கடையில் கேளுங்கள். வெந்த சோறு, டப்பாவில் அடைத்தது. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். அதில் உங்கள் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் விட்டால் ராத்திரி சாப்பாடு முடிந்தது.

போன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று போட்டிருக்கும், அவை ஓடும். பிளக் மட்டும் தட்டையான இரண்டு முனை. நம் உருண்டை முனை நுழையாது, அடாப்டர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வாருங்கள். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஜப்பானிய விமானங்களில் 2025 ஜூலையிலிருந்து அதைத் தலைக்கு மேல் உள்ள தட்டில் வைக்காமல் கண்ணெதிரே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ரவிச்சந்திரன், சேலம்: அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர். மாத்திரை எவ்வளவு எடுத்து வரலாம்?

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்கு உரியது என்றால் முன் அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே 'யுன்யு ககுனின்-ஷோ' என்ற அனுமதி வாங்க வேண்டும். மருந்தை அட்டையோடு, ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கலந்து கொட்டி வராதீர்கள்.

கவனிக்க வேண்டியது சளி, இருமல் மருந்துதான். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரை இங்கே தடை. கோடீன் உள்ள மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நாம் வழக்கமாக வாங்கும் சளி மாத்திரையின் பின்புறத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பையில் போடுங்கள். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். காப்பீடு இல்லாத வெளிநாட்டவர் முழுச் செலவையும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: பணமா, கார்டா அக்கா?

இரண்டும். பெரிய கடை, ஹோட்டல் எல்லாம் கார்டு. கோயில் காணிக்கை, சின்னச் சாப்பாட்டுக்கடையின் டிக்கெட் இயந்திரம், நகருக்கு வெளியே போகும் பேருந்து என்றால் ரொக்கம். யுபிஐயை நம்பி வராதீர்கள். கன்பினிக்குள் இருக்கும் ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும், செவன்-இலெவன் கடைகளில் இருப்பது நம்பகமானது. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். இயந்திரம் 'ரூபாயில் கழிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யென்னையே தேர்ந்தெடுங்கள்.

ரயிலுக்கு, பணம் ஏற்றி வைத்துக்கொண்டு வாசலில் தட்டிப் போகும் ஐசி கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். நரிதா, ஹனேடா விமான நிலையங்கள் இரண்டிலும் 'வெல்கம் சுய்கா' என்ற கார்டு கிடைக்கும். 28 நாள் செல்லும், முன்பணம் கிடையாது, ஆனால் மீதித் தொகை திரும்ப வராது. ஐபோன் இருந்தால் சுய்காவைப் போனுக்குள்ளேயே ஏற்றலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அது வேலை செய்யாது. இதே கார்டு கியோட்டோ, ஒசாகாவிலும் தட்டினால் வேலை செய்யும், கன்பினியில் தண்ணீரும் வாங்கலாம். ஆனால் டோக்கியோவில் தட்டி உள்ளே போய் ஒசாகாவில் தட்டி வெளியே வர முடியாது. அதற்குத் தனி டிக்கெட்.

கார்த்திக், சென்னை: ஜேஆர் பாஸ் எடுத்தே ஆகணும்னு எல்லோரும் சொல்றாங்களே?

ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரும் சீட்டுதான் இந்தப் பாஸ். அந்த 'எல்லோரும்' 2023-க்கு முன்னால் வந்தவர்களாக இருக்கும். அந்த வருடம் அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஒருவழிக்குச் சுமார் 14,000 யென். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா போய்த் திரும்புவதுதான் திட்டமென்றால் தனித்தனி டிக்கெட்டே லாபம். அடிக்கடி ஓடும் வேகமான 'நொசோமி' வண்டியில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோ. பாஸ் வைத்திருப்பவர்கள் அதற்கு மேல்பணம் கட்ட வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது 'ஈ' இருக்கை கேளுங்கள். டோக்கியோவிலிருந்து போகையில் அது வலதுபுற ஜன்னல். முக்கால் மணி நேரம் கழித்து, மேகம் விட்டால், ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான் வரும். எனக்கு நாலு தடவைக்கு ஒரு தடவைதான் மேகம் விட்டிருக்கிறது.

நித்யா, சிங்கப்பூர்: இரண்டு சின்னப் பிள்ளைகள், நான்கு பெட்டிகள். ரயிலில் எப்படி?

நான்கு பெட்டியோடு ரயிலில் ஏறாதீர்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் வந்து இறங்கியது. ஷின்ஜுகு நிலையத்தில் லிஃப்ட் எங்கே என்று தேடியே அரை நாள் போனது. சித்தி அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது.

'தக்யூபின்' என்று ஒரு சேவை உண்டு. ஹோட்டல் வரவேற்பிலேயே பெட்டியைக் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். டோக்கியோவில் இன்று கொடுத்தால் பொதுவாக நாளை கியோட்டோவில் இருக்கும். ஒரு நாளுக்கான துணியை மட்டும் முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடுதான் போவேன் என்றால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ-ஒசாகா ஷின்கான்சென்னில் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டாமென்றால் டிக்கெட் இல்லை, 6 முதல் 11 வரை பாதி. ஹோட்டலில் அறைக்கு இவ்வளவு என்பதைவிட ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு நாலு பேர் நுழையும் வித்தை இங்கே வேண்டாம். அறையும் அதற்கு இடம் கொடுக்காது, பெட்டியை விரித்தால் நடக்க வழி இருக்காது.

தர்ஷினி, யாழ்ப்பாணம்: அக்கா, எங்கட அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு வரலாமா?

கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனால் நாளுக்கு ஒரு இடம், மிஞ்சினால் இரண்டு. இங்கே சுற்றுலா என்றால் நடை, ஒரு நாளில் 15,000 காலடி சாதாரணம். நிலையங்களில் லிஃப்ட் உண்டு, ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். கூகுள் வரைபடத்தில் வழி தேடும்போது சக்கர நாற்காலிக்கு ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுத்தால் படி இல்லாத வழியைக் காட்டும். சக்கர நாற்காலி என்றால் நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள், பலகை கொண்டுவந்து போட்டு ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார்கள். கியோட்டோவில் கியோமிசு கோயில் மேட்டில் இருக்கிறது, அங்கே டாக்ஸி. டாக்ஸிக் கதவை நீங்கள் திறக்காதீர்கள், அது தானே திறக்கும்.

கழற்றி மாட்ட எளிதான செருப்பு, ஓட்டையில்லாத காலுறை. எத்தனையோ இடத்தில் வாசலிலேயே கழற்ற வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: கேட்கவே கூச்சமாக இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா?

கூச்சமே வேண்டாம், எல்லோரும் மனதுக்குள் கேட்கும் கேள்விதான். இருக்கும். பொத்தானை அழுத்தினால் வெந்நீரே வரும். ஹோட்டல், பேரங்காடி, பல நிலையங்களில் உண்டு. பொதுக் கழிப்பறைக்குக் காசு கிடையாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், டிப்ஸ் கொடுக்கக் கூடாது. குப்பைத்தொட்டி தேடி அலையாதீர்கள். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொண்டு, அறைக்கு எடுத்துப் போய்ப் போடுங்கள்.

முருகேசன், தஞ்சாவூர்: பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே லீவு. அப்போது வரலாமா?

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை 'கோல்டன் வீக்', நாடே கிளம்பி ஊர் சுற்றும் நேரம். ரயில், ஹோட்டல் எல்லாம் நிரம்பி விலையும் ஏறும். அதைத் தாண்டி மே இரண்டாம் வாரம் வந்தால் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. டோக்கியோ செர்ரிப்பூ மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் வராதீர்கள். தஞ்சாவூர் வெயிலுக்குப் பழகிய உங்களுக்கே வியர்த்துக் கொட்டும்.

ஷாலினி, வேலூர்: நிலநடுக்கம் வந்தால்? பாஸ்போர்ட் தொலைந்தால்? பயமாக இருக்கிறது.

நிலநடுக்கத்தின்போது வெளியே ஓடாதீர்கள். கட்டடங்கள் அதற்காகவே கட்டியவை. மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஹோட்டல்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். 'சேஃப்டி டிப்ஸ்' என்ற ஆப்பில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும். போலீஸுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. ஆங்கிலத்தில் உதவி கேட்க 050-3816-2787, எந்த நேரமும் எடுப்பார்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது, சுற்றுலாப் பயணி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தொலைந்தால் பக்கத்தில் உள்ள 'கோபான்' என்ற சின்னப் போலீஸ் சாவடிக்குப் போய்ப் புகார் எழுதி, அந்த எண்ணோடு தூதரகத்துக்குப் போங்கள். ஆனால் கோபானில் முதலில், யாராவது கொண்டுவந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். ரயிலில் விட்ட என் கைப்பை இரண்டு முறை அப்படித்தான் திரும்பி வந்தது. இரண்டாவது முறை உள்ளே இருந்த முறுக்குகூட உடையவில்லை.