ஓட்டப் பந்தய வீரருக்குப் பந்து பிடிக்க வருமா?

கேள்வி (வாசகர், பாளையங்கோட்டை): உசைன் போல்ட் மாதிரி ஒருவரை அமெரிக்கன் ஃபுட்பாலில் இறக்கிவிட்டால், பந்தை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட மாட்டாரா? ஏன் எந்த அணியும் அப்படி ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை?

பதில்: பந்து கைக்கு வந்துவிட்டால் ஓடிவிடுவார்தான். அது கைக்கு வருவதற்குள் நடக்கிற கூத்து இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். வேகக்காரர்களை அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் 'வைட் ரிசீவர்' ஆக நிறுத்துவார்கள். குவார்ட்டர்பேக் வீசுகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற வேலை. எதிரே கார்னர்பேக் என்று ஒருவர் நிற்பார். முதல் 5 கெஜத்துக்குள் ரிசீவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளித் தடுக்க அவருக்கு விதியே அனுமதி தருகிறது. அதிலிருந்து தப்பி, 12 கெஜம் முழு வேகத்தில் ஓடி, ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டென்று உள்பக்கம் திரும்பி, தான் திரும்புவதற்கு முன்பே வீசப்பட்டுவிட்ட பந்து எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துப் பிடிக்க வேண்டும், அதுவும் 100 கிலோ ஆசாமி ஒருவர் விலாவைக் குறிவைத்து ஓடிவருகிறார் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே. 100 மீட்டர்காரர் சிறுவயதிலிருந்து பழகியது வேறு உலகம். அவருக்கென்று கோடு போட்ட பாதை, யாரும் தொட மாட்டார்கள், நடுவில் நிற்கவோ திரும்பவோ வேண்டியதில்லை.

போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் பெர்லினில் 9.58 வினாடியில் ஓடினாரே, அதில் அவருடைய உச்ச வேகம் வந்தது 60 மீட்டரைத் தாண்டிய பிறகு. ரிசீவரின் ஓட்டமோ பாதி நேரம் 10, 15 கெஜத்திலேயே முடிந்துவிடும். என்.எஃப்.எல். (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணிகள் ஆள் எடுக்கும்போது பார்க்கிற வேகச் சோதனையே 40 கெஜம்தான், அதாவது 37 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு 2019இல் அட்லாண்டாவில் ஒரு கண்காட்சியில் போல்ட் சும்மா சாதாரண ஷூவோடு அதை 4.22 வினாடியில் ஓடிக் காட்டினார். அதிகாரபூர்வ அளவு இல்லை, ஆனாலும் அன்றைய என்.எஃப்.எல். தேர்வுச் சாதனையும் அதே 4.22தான். ஆக, வேகம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இதே போல்ட் 2018இல் ஆஸ்திரேலியாவில் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியில் நம் ஊர்க் கால்பந்து ஆடிப் பார்த்தார். ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல்கூடப் போட்டார். அப்படியும் நிரந்தர ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

அணிகள் முயற்சி செய்யவில்லை என்பதும் சரியில்லை. நிறையவே செய்திருக்கிறார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 9.95 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கிய ஜிம் ஹைன்ஸை மியாமி டால்ஃபின்ஸ் எடுத்தது. அங்கே அவர் பிடித்த பந்துகள் மொத்தம் இரண்டு. கைக்கு வருகிற பந்தையெல்லாம் நழுவவிட்டதால் 'ஊப்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், பாவம். அதே மெக்சிகோவில் 200 மீட்டரில் தங்கம் வாங்கி, மேடையில் கறுப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்தினாரே டாமி ஸ்மித், அவரும் சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் போனார். ஒரே ஒரு பந்து பிடித்தார், 41 கெஜம். தடை ஓட்டத்தில் உலக சாதனைக்காரர் ரெனால்டோ நெகமையா கதை இன்னும் சுவாரஸ்யம். கல்லூரியில் ஃபுட்பால் ஆடாத மனிதரை 1982இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers கூட்டிக்கொண்டு போனது. மூன்று சீசனில் 43 பந்து. மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிர்பார்த்தது வேறு. 1985இல் அதே அணி ஜெர்ரி ரைஸ் என்ற பையனை எடுத்தது. ஓட்டப் பந்தயத்தில் பேர் வாங்கியவர் இல்லை அவர். ஆடி முடித்தபோது பந்து பிடித்து முன்னேறிய தூரம் 22,895 கெஜம்! இன்றுவரை அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது.

அப்படியென்றால் பாப் ஹேய்ஸ் எப்படி என்று கேட்பீர்கள். 1964 டோக்கியோவில், நடைப் போட்டிக்காரர்கள் மிதித்துக் குழப்பிவிட்ட முதல் பாதையில் ஓடி 100 மீட்டர் தங்கம் வாங்கினார். தொடர் ஓட்டத்தில் பேட்டன் கைக்கு வரும்போது அமெரிக்கா பின்தங்கிக் கிடந்தது. எல்லாரையும் தாண்டிப் போய் அதிலும் தங்கம். மறு வருடமே டல்லாஸ் கௌபாய்ஸுக்காக 46 பந்து, 1003 கெஜம், 12 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது). தனி ஆளாக அவரோடு ஓட எந்தக் கார்னர்பேக்காலும் முடியாததால், ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கிற 'ஜோன்' தடுப்பு முறை பரவியதற்கு அவரும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் ஒன்று: ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் அவர் முதலில் ஃபுட்பால்காரர், ஓட்டம் கூடவே வந்தது.

அவரும் தடுமாறிய நாள் உண்டு. 1967 டிசம்பர் 31, கிரீன் பே மைதானம், குளிர் சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். பந்து தன்னிடம் வராத நேரங்களில் ஹேய்ஸ் இரண்டு கைகளையும் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றார். எதிரணிக்காரர்களுக்கு இது போதாதா? கை உள்ளே இருந்தால் அவரை விட்டுவிடலாம், வெளியே வந்தால் பந்து அவருக்கு. அந்த ஆட்டத்தில் டல்லாஸ் தோற்றது. பிறகு 1972 ஜனவரியில் என்.எஃப்.எல்.லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தார். ஒலிம்பிக் தங்கம், சூப்பர் பவுல் மோதிரம் இரண்டும் வைத்திருந்த ஒரே ஆள்.

இன்னொரு காரணம் பணம். அந்தக் காலத்தில் தடகளத்தில் சம்பாதிக்க விதி விடாது, அதனால்தான் தங்கம் வாங்கியவர்கள் கழுத்துப் பதக்கத்தோடு ஃபுட்பால் அணிகளின் கதவைத் தட்டினார்கள். போல்ட்டுக்கு அந்த அவசியமே இல்லை. யாராவது விலா எலும்பை உடைத்துக்கொள்ளப் போவார்களா?

கேள்வி (வாசகி, ஈரோடு): ஹேய்ஸ் தவிர வேறு யாருமே தேறவில்லையா?

பதில்: தேறினார்கள். 1983 உலகப் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய வில்லி கால்ட், சிகாகோ பேர்ஸோடு சூப்பர் பவுல் ஜெயித்து, மொத்தம் 11 சீசன் ஆடினார். கல்லூரியிலும் ஃபுட்பால் ஆடியவர்தான், கவனியுங்கள்.

கேள்வி (வாசகர், கோலாலம்பூர்): சரி, ஃபுட்பால்காரர் ஒருவர் ஓடுகளத்துக்கு வந்தால்?

பதில்: அப்போது சியாட்டில் சீஹாக்ஸ் அணியில் இருந்த டி.கே. மெட்கால்ஃப் 2021 மே மாதம் கலிஃபோர்னியாவில் நிஜமான ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் ஓடினார். 10.36 வினாடி. தன் சுற்றில் கடைசி, மொத்தம் 17 பேரில் 15ஆவது இடம். இணையத்தில் சிரித்தவர்கள் உண்டு. 100 கிலோவுக்கு மேல் உடம்பை வைத்துக்கொண்டு 10.36 ஓடுவதை நான் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சீசனில் அவர் 12 டச்டவுன் பிடித்தார்.