கதவைத் தட்டுமுன் காதைத் தீட்டுங்கள்

கேள்வி: போன ஏப்ரலில் அலுவலக நண்பரோடு காட்டு வான்கோழி வேட்டைக்குப் போனதில் ஆசை பற்றிக்கொண்டது. நண்பர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். இனி நான் எங்கே போய்த் தேடுவது? முன்பின் தெரியாத பண்ணைக்காரரிடம் எப்படி அனுமதி கேட்பது? துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், செயின்ட் லூயிஸ், மிசௌரி

பதில்: என்னை இதுவரை யாரும் துப்பாக்கியோடு விரட்டியதில்லை. நாய்தான் விரட்டியிருக்கிறது, இரண்டு முறை.

யாரையும் கேட்கத் தேவையில்லாத இடத்தில் தொடங்குங்கள். தெற்கு மிசௌரியில் மார்க் ட்வெய்ன் தேசியக் காடு ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர். வேட்டையாட விடும் மாநில இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளும் நிறைய உண்டு; ஒவ்வொன்றுக்கும் தனி விதி, படித்துவிட்டுப் போங்கள். சனி, ஞாயிறில் கூட்டம் இருக்கும். ஆனால் தடயம் பார்த்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. சருகு கிளறியிருக்கிறதா பாருங்கள். எச்சம் தூண்டில் மாதிரி வளைந்திருந்தால் சேவல், சுருண்டு குவிந்திருந்தால் பெட்டை. மண் பாதையில் காலடித் தடத்தின் இருபுறமும் கோடு இழுத்தாற்போல் இருந்தால், சேவல் இறக்கையைத் தரையில் உரசியபடி பெட்டைக்கு ஆடிக் காட்டியிருக்கிறது.

தனியார் நிலத்தைப் பொறுத்தவரை கண்ணைவிடக் காதுதான் உதவும். மார்ச் கடைசியில், விடிவதற்கு அரை மணி முன்னால், பொது ஜல்லி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி இறங்குங்கள். கதவை அடித்துச் சாத்த வேண்டாம். எங்கோ ஒரு ஆந்தை அலறும். திடுக்கிட்ட சேவல் மரத்திலிருந்தே கொளகொளவென்று பதில் கொடுக்கும். திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டுப் பெட்டை மாதிரி கூப்பிட்டுப் பார்க்காதீர்கள், வேட்டைக்கு அனுமதியுள்ள சீசன் வருமுன்பே சேவல் உஷாராகிவிடும். ஒரே பக்கம் மூன்று நாள் சத்தம் கேட்டால் அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நில வரைபடத்திலும், எல்லை காட்டும் போன் செயலிகளிலும் பெயர் இருக்கும். மரத்தில் ஊதாக் கோடு கண்டால் அங்கேயே நில்லுங்கள். 1993 முதல் மிசௌரியில் அதற்கு 'உள்ளே வராதே' என்றுதான் பொருள். கோடு இல்லை என்பதும் அனுமதி ஆகிவிடாது.

கேட்கப் போவதை மட்டும் சீசனுக்கு முந்தைய வாரம் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய ஆண்டே சத்தம் கேட்டுக் குறித்துவைத்த நிலமென்றால் நான் பிப்ரவரியிலேயே போவேன். சாதாரணச் சட்டை, துப்பாக்கி கிடையாது, தனியாக. ஒருமுறை பெரியவர் ஒருவர் முள்கம்பி வேலி சரிசெய்துகொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. தொய்ந்த கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நாலு கம்பம் தாண்டியதும் அவரே கேட்டார்: "எத்தனை பேர் வருவீங்க?" அவர் கவலை அதுதான், வான்கோழி இல்லை. இன்று ஒருவன், நாளை அவன் மச்சான், மறுநாள் நாலு வண்டி. "நான் மட்டும்தான். காலையில் மட்டும், இந்த மூன்று தேதி. வண்டியை எங்கே விடட்டும்?" என்றேன். கையிலிருந்த கட்டிங் பிளேயரால் குளத்தைக் காட்டி, "அதுக்கு அந்தப் பக்கம் போகாதே, கன்று போடுற மாடுங்க நிக்குது" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது! அதை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.

பணம் நீட்டாதீர்கள். அதற்கு முன்பு வேறொரு வீட்டில் நான் பர்ஸைத் திறந்ததுமே பேச்சு முடிந்துபோனது. காரணம் பிறகுதான் தெரிந்தது. இலவசமாக ஒருவரை வேட்டைக்கு விட்டால், அவர் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாலும் நில உரிமையாளர்மேல் பெரும்பாலும் பொறுப்பு வராது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்கினால் அந்தக் காப்பு போய்விடும். வழக்குக்குப் பயந்து தயங்குகிறவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லலாம். பதிலுக்கு எதையாவது செய்யத் தோன்றினால் வைக்கோல் கட்டு அடுக்கப் போங்கள். பறவை கிடைத்தால் நெஞ்சுக்கறியைச் சுத்தம் செய்து பாதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டு வாருங்கள். முடியாது என்று சொன்னவருக்கும் நன்றி சொல்லுங்கள். மான் வேட்டைக்கு மறுத்த ஒருவர் வான்கோழிக்கு எனக்குச் சரி என்றிருக்கிறார்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடலாமா?

பதில்: பொதுவாகக் கூடாது. மத்தியச் சட்டத்தில் இதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. அதனால் முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி, அது இரவலாக இருந்தாலும் சரி. மிசௌரியில் 1967 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வாங்க வேண்டும். விசா விஷயத்தில் என்னைவிட உங்கள் வக்கீலை நம்புங்கள்.

கேள்வி: சிவப்புத் தொப்பி போட்டால் மற்ற வேட்டைக்காரர்களுக்கு நம்மைத் தெரியும் அல்லவா?

பதில்: தெரியும், வான்கோழியாக! சேவலின் தலையில் இருப்பது சிவப்பு, வெள்ளை, நீலம். வசந்த சீசனில் எல்லோரும் தேடுவது அதைத்தான். இந்த மூன்று நிறமும் உடம்பில் எங்கும் வேண்டாம், சாக்ஸ் உட்பட. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சத்தம் வரும் பக்கம் தவழ்ந்து போகாதீர்கள். அங்கே கூப்பிடுவது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம்.