ரெடிஸ் உரிமத்தை மாற்றிவிட்டார்கள், வழக்கு போடலாமா?

கேள்வி: சிறிய கிளவுட் நிறுவனம் நடத்துகிறேன். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவி, மாதக் கட்டணத்துக்குப் பராமரித்துத் தருகிறோம். நானே அதற்குச் சில பேட்ச்கள் (திருத்த நிரல்கள்) எழுதிக் கொடுத்தவன். 2024-இல் ரெடிஸ் நிறுவனத்தார் உரிமத்தை மாற்றி எங்கள் உழைப்பைச் சுருட்டிக்கொண்டார்கள். வழக்கு போடலாமா? இதற்கிடையே பெரிய வாடிக்கையாளர் ஒருவர், எல்லா மென்பொருளும் முறையான உரிமத்தில்தான் ஓடுகிறது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: வழக்கு நிற்காது. நீங்கள் பேட்ச் கொடுத்தது பிஎஸ்டி உரிமத்தின் கீழ். பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதவரை, யாரும் அதைத் தங்கள் உரிமத்தில் வெளியாகும் மென்பொருளில் சேர்க்கலாம் என்று அன்றைக்கே அனுமதித்துவிட்டீர்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் அதை வைத்து வழக்காட முடியாது.

இங்கே கேள்வி ஒன்றுதான்: உங்கள் சர்வர்களில் எந்தப் பதிப்பு, எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? 7.2 வரை பிஎஸ்டி. அதை வைத்து இன்றும் தொழில் செய்யலாம். 7.4-க்கு ஆர்எஸ்ஏஎல் அல்லது எஸ்எஸ்பிஎல் என்ற இரண்டு உரிமங்களில் ஒன்று. முதலாவது உங்கள் தொழிலையே தடுக்கிறது. இரண்டாவது, சேவையை நடத்தும் உங்கள் சொந்த மேலாண்மை நிரலையும் வெளியிடச் சொல்கிறது. 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8-இல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமமும் ஒரு தேர்வாகச் சேர்ந்தது. அதனால் 7.4 ஓட்டிய காலம் சரியாகிவிடாது.

கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "நாங்கள் 7.2-தான் சார்" என்று முதலாளி அடித்துச் சொல்வார். எந்தப் பதிப்பை இறக்குவது என்று சொல்லும் கம்போஸ் ஃபைலைத் திறந்தால் 'ரெடிஸ்:லேட்டஸ்ட்', அதாவது ஆகப் புதியது, என்று இருக்கும். புது சர்வர் ஏற்றிய அன்று 7.4 தானாக இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் ஜூனியர் ஒருவர் 7.4-இல் பார்த்த திருத்தத்தை 7.2-இல் ஒட்டியிருப்பார். ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் மென்பொருளிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு திட்டத்தின் மீது 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் வைத்த குற்றச்சாட்டும் இந்த வகைதான். நிரல் பழைய உரிமத்துப் பதிப்பிலிருந்து வந்தது என்று ஓப்பன்டோஃபு தரப்பினர் வரி வரியாக எடுத்துக்காட்டி மறுத்தார்கள். உங்களால் அப்படிக் காட்ட முடியுமா?

முடியாதென்றால் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். அந்த உறுதிமொழியோடு பெரும்பாலும் இழப்பீட்டு ஷரத்தும் ஒட்டிக்கொண்டு வரும். உரிமைதாரர் கண்டுகொள்ளாவிட்டாலும், தணிக்கையில் 7.4 தெரிந்த அன்று வாடிக்கையாளர் உங்கள் பில்லை நிறுத்திவைப்பார். அப்புறம், சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அதையே ஓட்டினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி-யைக் காட்டி எதிர்த்தரப்பு மிரட்ட இடம் கொடுப்பீர்கள். மீறல் நகலைத் தெரிந்தே பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை.

இந்த வாரமே ஒவ்வொரு சர்வரின் பதிப்பையும் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய லாக் (சர்வர் பதிவு) எதையும் அழிக்காதீர்கள். அழித்தவரை எந்த நீதிபதியும் நம்பமாட்டார். 7.4 இருந்தால் வால்கீக்கு மாறுங்கள். ரெடிஸ் 7.2.4-இலிருந்து பிரிந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் பிஎஸ்டி உரிமத்திலேயே தொடர்வது அது. உறுதிமொழியை மாறிய தேதியிலிருந்து மட்டும் கொடுங்கள். முந்தைய காலத்தை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லி, அதற்கு உச்சவரம்பு போட்ட தனி ஷரத்துக் கேளுங்கள். பதிலுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால், பேரம் பேசாமல் குறைத்துவிடுங்கள்.