மகள் போலீஸாகப் போகிறாளாம்: குடியாத்தத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் என் ஆலோசனை அறைக்கு வந்து நீங்கள் கேட்டதை மறக்க முடியவில்லை. "பி.ஏ. முடிச்ச பொண்ணு சார். போலீஸ் வேலைதான்னு பிடிவாதமா நிக்குறா. போலீஸ்னா ஊர்ல யார் மதிக்கிறாங்க? நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப என்ன சொல்றது?" வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். மனசு கேட்காமல் இப்போது எழுதுகிறேன்.

கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி முதல் தேதி, நம் பக்கத்து வெயில் மண்டையைப் பிளக்கும். நாம் சிரசைக் கும்பிட்டு, மோர் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். என்னிடம் ஆலோசனை கேட்டுப் போலீஸில் சேர்ந்த ஒரு பெண் அங்கே பந்தோபஸ்து பார்த்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு ரோல் கால். கயிற்றைப் பிடித்து நின்ற இடத்தைவிட்டு மதியம் வரை நகர முடியவில்லை. தண்ணீர் பாட்டில் இடுப்பிலேயே இருந்தது, ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஏம்மா என்றேன். "குடிச்சா எங்க சார் போறது? கூட்டத்துல பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மகளிடம் நீங்கள் பேச வேண்டியது இதைத்தான். மாப்பிள்ளை விஷயம் அப்புறம்.

இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானதும் ஸ்டேஷனில் உட்காரப்போகிறோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் பெண்களுக்குப் பெரும்பாலும் காவல்துறையின் ஆயுதப்படைதான். தலைவர்கள் வந்தால் சாலையோரம் நிற்க வேண்டும். தொரப்பாடி பெண்கள் சிறையிலிருந்து கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். இரவில் பாரா பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணை வந்தது, நல்ல விஷயம். ஆனாலும் பெரிய பந்தோபஸ்து வந்தால் ஓய்வு தள்ளிப்போகும். வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு எதற்கும் "வர்றேன்" என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது மதிப்புக்கு வருகிறேன். உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நம் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது மரியாதையில்லை, பயம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது காக்கியின் மேல் விழுந்த கறை இன்னும் போகவில்லை. அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் அன்றிரவு கண்ணால் கண்டதை மறைக்காமல் சொன்னார். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு எதிராக அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும். உங்கள் மகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் துணையாக ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். வீட்டை எழுதிக் கொடு என்று மகன் அடிக்கிறான். பாட்டிக்கு எழுதத் தெரியாது. வரவேற்பு மேஜையில் இருந்த இளம் பெண் காவலர், "உட்காருங்க பாட்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மனுவைத் தானே எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இப்படித்தானே நடந்துச்சு?" என்று கேட்டுத்தான் கைநாட்டு வாங்கினார். மனுவைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்தார். பாட்டி அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அந்தத் தெருவில், "அந்தப் போலீஸ் பொண்ணு நல்லாருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பவரை எப்படி நடத்துகிறாளோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் மகளின் மதிப்பும். பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்த வீட்டிலிருந்து போகிறவளுக்கு அந்தப் பாட்டியின் நிலைமை சொல்லாமலே புரியும். அதனால்தான் அவள் போகட்டும் என்கிறேன்.

மாப்பிள்ளை விஷயத்தில் ஒன்றே ஒன்று. அரசுச் சம்பளம் வாங்கும் பெண்ணை வேண்டாம் என்கிற வீடுகள் குறைவு. இரவு டியூட்டியைச் சகித்துக்கொள்ளும் வீடா என்று மட்டும் பாருங்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். அவள் பட்டதாரி என்பதால் எஸ்.ஐ. (உதவி ஆய்வாளர்) தேர்வையும் சேர்த்து எழுதட்டும், இரண்டையும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் நடத்துகிறது. காவலர் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் 80 மதிப்பெண், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழை லேசாக நினைக்க வேண்டாம். பெண்களுக்கு உயரம் 159 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 157. இன்றைக்கே சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். அதில் குறைந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் காலை ஐந்தரைக்கு ஓடச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய் செல்போனில் நேரம் பாருங்கள். ஒரு மாதக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை காலையில் முதல் ஆளாக வந்துவிடுங்கள், அவசரமில்லாமல் பேசலாம்.