64ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

நம் ஊர் திருகோணமலையின் பெயர் தாங்கிய எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி போர்க்கப்பலை 64இல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். உடல் முடிந்துவிட்டது. மேல்தட்டில்தான் சிக்கல். ஓகஸ்டில் மஹோகனிப் பட்டிகளை சுப்பர் குளூ வைத்து ஒட்டினேன். நவம்பர் மழை தொடங்கியதும் நடுவில் பல பட்டிகள் கிளம்பிவிட்டன. இடுக்குக் கோடுகளுக்குக் கறுப்பு மார்க்கர் பூசினேன். பொலிஷ் போட்டதும் மை பரவிவிட்டது. தட்டின் திறப்புகளை மூடும், சதுர ஓட்டைகள் கொண்ட கிராதிகளைக் கடையில் வாங்கினேன், ஓட்டைகள் பெரிதாகத் தெரிகின்றன; நானே அறுத்தால் பட்டிகளின் பற்கள் உடைந்து விழுகின்றன. பலகைகளில் ஆணிப் புள்ளிகள் வைக்கவேண்டுமா? இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் இப்போது நிற்கும் கப்பலின் படங்களைப் பார்த்தே எல்லாம் செய்கிறேன். அசல் கப்பல் தேக்கு என்பதால் தட்டை எல்லாம் கழற்றித் தேக்கில் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

— வாசகர், உப்புவெளி

நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். தேக்கு வேண்டாம். பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817 ஒக்டோபர் 12இல் நீரில் இறக்கிய கப்பல் அது என்பது சரிதான். ஆனால் மரத்தைச் சிறிதாக அறுக்கலாம், அதன் துவாரங்களைச் சிறிதாக்க முடியாது. தேக்கின் பெரிய துவாரம் ஒன்று 0.3 மில்லிமீற்றர் வரை வரும். 64ஆல் பெருக்கினால் 19 மில்லிமீற்றர். விரல் நுழையும் ஓட்டைகள் நிறைந்த பலகையில் எந்தக் கப்பலும் கடலுக்குப் போகாது. உங்கள் மஹோகனிக்கும் இதே குறைதான், கொஞ்சம் குறைவாக. நிறமும் பொருந்தாது: தினமும் கல்லும் மணலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய்ந்த தட்டு வெளிறித்தான் இருக்கும்.

இந்த 64ஆல் பெருக்கும் பழக்கத்தை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு அதுவே பதில்.

தட்டுக்கு ஏற்ற மரம் மஞ்சட் கடம்பு, சிங்களத்தில் கொலொன். வெளிர் மஞ்சள், நெருங்கிய சீரான இழை, கூரான பிளேட்டில் சுத்தமாக வெட்டுப்படும். பட்டுப்போன எலுமிச்சை, தோடை மரக் கிளைகள் அதைவிட நெருக்கமானவை. முனைகளில் மெழுகு தடவி நிழலில் ஒரு வருடமாவது காயவைக்கவேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். முதிரை அழகு, ஆனால் இழை பின்னிப் பின்னிப் போவதால் மெல்லிய பட்டியாகச் சீவும்போது பிய்ந்து வரும். கப்ஸ்டன் (நங்கூரக் கயிறு இழுக்கச் சுற்றும் உருளை), கயிறு கட்டும் கட்டைகள் போன்ற தடித்த உருப்படிகளுக்கு அதை வையுங்கள். வெளிநாட்டு மரச் சந்தையில் ‘ட்ரிங்கோமலி வுட்’ என்றே பெயர் வாங்கிய சமண்டலை வளைந்து கொடுக்கும், படகுக்கும் பீப்பாய்க்கும் பேர்போனது. பாய்மரத்தின் குறுக்குத்தடிகளுக்கு அது நல்லது. காட்டு மரம் தேடி எங்கும் போகவேண்டாம், அனுமதிப் பத்திரத் தொல்லையும் வேண்டாம். பழைய கதவு, யன்னல் பிரிக்கும் ஓடாவியிடம் துண்டு கேளுங்கள். பல வருடம் காய்ந்த மரம் அங்கேதான் கிடைக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் நல்ல ஐஸ்கிறீம் குச்சிகள் போதும். பெரும்பாலும் பேர்ச் மரம், துவாரம் கண்ணுக்குத் தெரியாது.

பட்டிகள் கிளம்பியதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும்போது மரம் நன்றாக உலர்ந்து சுருங்கியிருக்கும். அந்த நிலையில் இடைவெளியே இல்லாமல் இறுக்கி ஒட்டியிருக்கிறீர்கள். மாரி வந்ததும் மரம் ஈரம் உறிஞ்சி, இழைக்குக் குறுக்காகப் பருக்கும். உங்கள் தட்டின் அதிக அகலம் ஏறக்குறைய 190 மில்லிமீற்றர். ஈரப்பதம் நான்கு வீதம் மாறினாலே அதில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீற்றர் கூடும். பக்கங்களில் போக வழியில்லாததால் நடுவில் எழும்புகிறது. சுப்பர் குளூவும் சேர்ந்து கெடுத்தது: இறுகினால் அது கண்ணாடி மாதிரி, அசைவுக்குக் கொடுக்காது. நம் ஈரக் காற்றில் அதன் ஆவி பக்கத்து மரத்தில் வெள்ளைப் பூப்பூவாகப் படியவும் செய்யும்.

இம்முறை அடித்தட்டு பிளைவுட்டின் கீழ்ப்பக்கத்துக்கு முதலில் வார்னிஷ் பூசிவிடுங்கள். அறுத்த பட்டிகளை வேலை நடக்கும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் பரப்பி வையுங்கள். ஒட்டுவதற்கு வெள்ளை மரப்பசை. மாரியும் வேண்டாம், கடும் கச்சானும் வேண்டாம். பங்குனி, சித்திரை நல்ல காலம். இரு ஓரங்களிலும் ஒரு மில்லிமீற்றர் இடம் விடுங்கள். அதன்மேல், தட்டும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் ஓர நீர்க்கட்டை வந்து உட்காரும், இடைவெளி வெளியே தெரியாது.

பலகை அளவு: அசலில் எட்டு முதல் பத்து அங்குல அகலம் என்று கொண்டால் உங்களுக்கு 3.5 மில்லிமீற்றர், கனம் ஒரு மில்லிமீற்றர். நீளம் 100 மில்லிமீற்றர், அதாவது அசலில் 21 அடி. அணியம் (கப்பலின் முன்பக்கம்) முதல் பின்பக்கம் வரை ஒரே பட்டியாக ஒட்டுபவர்கள் 150 அடி நீளத் தேக்குமரத்தைக் கற்பனை செய்கிறார்கள். 25 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு வீதம் அடித்தட்டில் குறுக்கே பென்சிலால் கீறுங்கள்; அவைதான் உத்தரங்கள். பலகை முடிவது எப்போதும் உத்தரத்தின்மேல். முதல் வரிசை முதலாம் கோட்டில் முடிந்தால், அடுத்தது மூன்றாம் கோட்டில், அதற்கடுத்தது இரண்டில், பிறகு நான்கில். ஐந்தாவது வரிசை திரும்ப ஒன்றுக்கு வரும். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போங்கள். அணியத்தில் குறுகும் இடத்தில் பலகையைக் கத்திமுனையாகச் சீவி விடாதீர்கள். கூர்முனையில் ஆணியும் நிற்காது, தண்ணீர் இறங்காமல் இடுக்கில் நார் அடைக்கவும் முடியாது. முனை குறைந்தது அரைப் பலகை அகலமாவது இருக்கட்டும்.

இனி மார்க்கர். அதன் மை சாராயத்தில் கரையும், பிரெஞ்சு பொலிஷும் சாராயத்தில் கரைத்ததுதான். பொலிஷ் பட்டதும் மை இழை வழியாக ஓடாமல் என்ன செய்யும்? கறுப்புக் கடதாசி வையுங்கள். 80 கிராம் கடதாசி 0.1 மில்லிமீற்றர் கனம். பெருக்கினால் ஆறரை மில்லிமீற்றர், நார் அடைத்துத் தார் ஊற்றிய இடுக்குக்கு ஏற்ற அளவு. பலகையின் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் ஒட்டி, காய்ந்தபின் பிளேட்டால் சமப்படுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் கோடு இரட்டிக்கும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 4பி பென்சிலை ஓரத்தில் ஒருமுறை தேய்த்தாலே போதும். மை பரவிய பட்டிகளைக் கழற்ற வேண்டிவரும். வெள்ளைப் பசை ஐசோபுரப்பைல் அல்ககோலில் இளகும், சுப்பர் குளூவுக்கு அசிட்டோன் வேண்டும். பஞ்சில் நனைத்து அரை மணி வைத்து, மெல்லிய உளியால் நெம்புங்கள். யன்னல் திறந்திருக்கட்டும், விளக்கு நெருப்பு பக்கத்தில் வேண்டாம்.

ஆணிப் புள்ளி வேண்டாம் என்பது என் கருத்து. அசலில் ஆணித் தலைக்குமேல் பலகையின் அதே நிற மரத்தில்தான் அடைப்பு வைப்பார்கள், ஏறக்குறைய ஓர் அங்குல வட்டம். உங்களுக்கு 0.4 மில்லிமீற்றர். இரண்டடி தள்ளி நின்றாலே தெரியக்கூடாத ஒன்று. பலர் ஒரு மில்லிமீற்றரில் கறுப்பாக வைப்பதால் தட்டுக்கு அம்மை வந்த மாதிரி இருக்கிறது.

கிராதிக்கு வருவோம், மேல்தட்டில் பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். அசலில் கிராதியின் ஓட்டை மூன்று அங்குலத்துக்கு மேல் போகாது. ஓடுகிறவன் குதிக்கால் உள்ளே போகக்கூடாது. 64இல் அது 1.2 மில்லிமீற்றர். கடைக் கிராதியின் இரண்டு மில்லிமீற்றர் ஓட்டை அசலில் 13 சென்ரிமீற்றர், முழுக்காலும் இறங்கிவிடும். பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

நீங்களே அறுக்கும்போது பல் உடைவதற்குக் காரணம், ஒவ்வொரு பட்டியையும் தனித்தனியாக வெட்டுவது. பற்களில் இழை குறுக்காக நிற்கிறது, தாங்குவதற்குப் பக்கத்தில் மரமே இல்லை. மாற்றிச் செய்யுங்கள். 50 மில்லிமீற்றர் அகலம், இரண்டு மில்லிமீற்றர் கனமுள்ள எலுமிச்சைப் பலகை ஒன்றை எடுங்கள். இழைக்குக் குறுக்காக, ஒரு மில்லிமீற்றர் அகலம் வெட்டும் வாளால், பலகைக் கனத்தில் சரிபாதி ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) போடுங்கள். காடிக்குக் காடி இடைவெளி சரியாக ஒரு மில்லிமீற்றர் வர, வாளுக்குப் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் கனப் பித்தளைத் தகட்டை நிறுத்தி வையுங்கள். வெட்டிய காடியை அதில் மாட்டினால் அடுத்த காடி தானாக அளவில் விழும். முழுப் பலகையும் முடிந்தபின் தண்ணீர் கலந்த பசையை மெல்லப் பூசிக் காயவிடுங்கள், பிறகுதான் பலகையை இழையோடு ஒரு மில்லிமீற்றர் பட்டிகளாகச் சீவவேண்டும். இரண்டு பட்டிகளின் காடிகளை எதிரெதிராகக் கோத்தால் கிராதி. இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள். நகத்துக்கு வைக்கும் அட்டை அரத்தால் பட்டியின் பக்கத்தை இரண்டு இழுப்பு இழுங்கள், காடியை அல்ல.

கிராதியை முதலில் செய்யுங்கள், அதைச் சுற்றும் விளிம்புச் சட்டத்தைப் பிறகு. சட்டம் முந்திவிட்டால் ஒரு பக்கத்தில் முழு ஓட்டை, மறுபக்கத்தில் அரை ஓட்டை என்று முடியும். அதை எந்தப் பெயின்றும் மறைக்காது. சட்டத்தின் மூலையைப் படச்சட்டம் போல 45 பாகையில் வெட்டாமல் பாதிப்பாதி அறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள். உயரம் நான்கு மில்லிமீற்றர் போதும். தட்டு நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்வதால் கிராதியின் மேற்பரப்பையும் அதே வளைவுக்கு சாண்ட் பேப்பரில் தேய்த்துவிடுங்கள். சட்டங்களை அடித்தட்டில் ஒட்டிவிட்டுச் சுற்றிப் பலகை போடுவதுதான் சுத்தமான வழி.

அதே தட்டு வளைவால்தான் பீரங்கி வண்டியின் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடச் சற்றுப் பெரியவை. நான்கையும் ஒரே அளவில் செய்தால் குழல் கீழே குனியும். 18 இறாத்தல் குண்டு சுடும் பீரங்கி ஒன்பது அடி, உங்களுக்கு 43 மில்லிமீற்றர். பலகை ஒட்டுமுன் ஒரு பீரங்கியைத் துண்டுப் பலகைமேல் நிறுத்தி, குழல் பக்கச் சுவரிலுள்ள பீரங்கித் துவாரத்தின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். ஒட்டியபின் ஒரு மில்லிமீற்றர் கூடிவிடும்.

வளைய ஆணிகளுக்குப் பழைய மோட்டாரின் செப்புக் கம்பி, 0.4 மில்லிமீற்றர். மேலுள்ள பூச்சைச் சுரண்டி, 1.5 மில்லிமீற்றர் துளைபிட்டில் நெருக்கமாகச் சுற்றி, சுருளின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். கறுப்பாக்க நன்றாக அவித்த முட்டையின் மஞ்சட்கருவைப் பிசைந்து, வளையங்களோடு மூடிய டப்பாவில் ஓரிரவு வையுங்கள். மஞ்சட்கரு வளையத்தில் படக்கூடாது. அதிலுள்ள கந்தகம் செம்பைக் கறுப்பாக்கும். வைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கைபடாமல் சாமணத்தால் எடுங்கள், எண்ணெய் பட்ட இடம் சிவப்பாகவே நிற்கும். இரும்புக் குண்டூசி மட்டும் எங்கும் வேண்டாம். நம் உப்புக் காற்றில் துரு பலகையில் இறங்கிவிடும். கயிறு கட்டும் முளைகள் அசலில் 16 அங்குலம், உங்களுக்கு ஆறு மில்லிமீற்றர். கடை முளை பத்து மில்லிமீற்றர் என்றால் ஒரு மாலுமியின் கை நீளம். பல்குத்தும் மூங்கில் குச்சியைத் துளைபொறியில் மாட்டிச் சாண்ட் பேப்பரால் கடையலாம். முளைச் சட்டத்தை வெறும் பசையில் விடாதீர்கள், பாய்க்கயிறு இழுக்கத் தொடங்கினால் அப்படியே கழன்று வரும்; 0.8 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி மூன்றைப் பக்கச் சுவருக்குள் ஏற்றி நிறுத்துங்கள்.

இவற்றுக்கெல்லாம் அட்டையில் 26 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு ஆளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏணிப்படி அவன் காலுக்கு எட்டவேண்டும், கப்ஸ்டன் தடி நெஞ்சுக்கு வரவேண்டும்.

படங்களைப் பற்றி ஒன்று. 1817இல் இறங்கிய கப்பலும் இன்று ஹாட்டில்பூலில் மிதப்பதும் ஒன்றல்ல. 1840களில் பீரங்கிகளைக் குறைத்து, பின்பக்கத்தின் வடிவையும் மாற்றினார்கள். பிறகு நெடுங்காலம் வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாக இருந்து, 2001இல்தான் மீட்டமைப்பு முடிந்தது. நீங்கள் செய்வது எந்த வருடக் கப்பல் என்று முதலில் முடிவெடுங்கள். 1817 என்றால், இந்தக் கப்பல் சேர்ந்த லீடா வகுப்பின் (ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்கள்) வரைபடங்களைப் பின்பற்றுங்கள். படங்களை ஒரு கிராதி எப்படிப் பொருந்துகிறது, ஒரு முளை எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் வையுங்கள். ஸ்கொட்லாந்தின் டண்டீயில் இருக்கும் யூனிகோர்ன் கப்பலும் அதே வகுப்பு என்றாலும் 1824இல் மாற்றிய கட்டமைப்போடு இறங்கியது. அதையும் அப்படியே நகல் எடுக்கவேண்டாம்.

பின்பக்கத்தை ஏற்கெனவே மூடிவிட்டீர்களா, எந்த வடிவில் என்று எழுதுங்கள். அது தெரிந்தால் பின்தட்டின் பீரங்கிகளையும் சுக்கான் சக்கரத்தையும் எங்கே வைப்பது என்று சொல்லலாம்.