முதல் மடக்கு மூக்குக்கு: பேல் ஏல் கேள்வி பதில்

கிராஃப்ட் பேல் ஏல், அதாவது சிறு ஆலைகள் தயாரிக்கிற ஒரு பீர் வகை, அதை ருசிப்பது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பல வருடம் குடித்தும், சில வருடம் சொந்தமாகத் தயாரித்துக் கெடுத்தும் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம்.

கேள்வி: அண்ணா, பேல் என்றால் வெளிறியது என்று அர்த்தம். என் கிளாஸில் இருப்பது செம்பு நிறத்தில் இருக்கிறதே?

பெயர் வைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது மால்ட்டை, அதாவது பீருக்காக முளைகட்டிய பார்லியை, விறகுத் தீயில் உலர்த்தினார்கள். நிறம் கறுக்கும், புகை வாடையும் ஏறும். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் கோக் என்கிற புகை குறைந்த எரிபொருளுக்கு மாறத் தொடங்கிய பிறகுதான் வெளிர் மால்ட் கைக்கு வந்தது. பழுப்பு பீருக்குப் பக்கத்தில் வைத்தால் தேன் நிறமும் செம்பு நிறமும் வெளிறியவைதான்.

இன்று கிராஃப்ட் என்று நாம் குடிப்பது பெரும்பாலும் அமெரிக்க வழி. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ ஹாப்ஸ். அதில் 1972ல் வெளியான கேஸ்கேட் என்ற ரகத்தை வைத்து, கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் 1980ல் சியரா நெவாடா என்ற ஆலை தயாரித்த பேல் ஏல்தான் பலருக்கும் முன்மாதிரி ஆனது.

கேள்வி: சார், ஃப்ரீஸரில் வைத்து நல்லா ஜில்லென்று குடித்தேன். கசப்பு மட்டும்தான் தெரிந்தது. பழ மணம் என்று எல்லோரும் சொல்வது கதையா?

உங்கள் ஃப்ரீஸர் செய்த வேலை அது. மணம் என்பது பீரிலிருந்து ஆவியாகிக் கிளம்பி மூக்குக்கு வந்து சேர வேண்டிய பொருள். ஹாப்ஸில் மிர்சீன், லினலூல் என்று எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன. உறைகிற குளிரில் அவை கிளம்பவே சோம்பல்படும். மால்ட்டின் இனிப்பும் அடங்கிப்போய், கசப்பு தனியாக நிற்கும்.

7 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் மேஜையில் விடுங்கள். கிளாஸையும் ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், உள்ளே படிந்த பனித்துகள் பட்டு நுரை தாறுமாறாகப் பொங்கும்.

கேள்வி: ருசி பார்ப்பது என்றால் என்னதான் செய்ய வேண்டும்? குடிப்பதுதானே?

குடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் இருக்கிறது, பாதி விஷயம் அதில்தான். கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் ஊற்றுங்கள். அப்புறம் நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் கனத்துக்கு நுரை கட்டும். நுரையைப் பார்த்து அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் குமிழி உடையும்போதெல்லாம் மணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கிளாஸின் உள்பக்கம் குமிழிகள் நகராமல் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, கழுவிவிட்டு வாருங்கள்.

பாதி கிளாஸ் போதும். கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி இரண்டு சுழற்று சுழற்றுங்கள். கையை எடுத்ததும் நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி குட்டிக் குட்டியாக மோந்து பாருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைப் பக்கமாக மூக்குக்கு ஏறி வருகிற அந்த மணத்தைத்தான் நாம் ருசி என்று நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நம்பிக்கை இல்லாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்து, நடுவில் விரலை எடுங்கள். கசப்பும் லேசான இனிப்பும் மட்டும் இருந்த இடத்தில் திடீரென்று ஆரஞ்சுத் தோல் வந்து உட்காரும்.

கேள்வி: வைன் ருசிப்பவர்கள் துப்புகிறார்களே? கசப்பு அடிநாக்கில்தான் தெரியும் என்றும் படித்தேன்.

அடிநாக்குக் கதை பாடப்புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட பழைய தவறு. கசப்பு நாக்கு முழுவதும் தெரியும். ஆனாலும் ஒரு மிடறாவது விழுங்குங்கள். பேல் ஏலின் கசப்பு விழுங்கிய பிறகுதான் ஏறும். ஏறிச் சுத்தமாக இறங்குகிறதா, இல்லை துவர்த்துப்போய் நாக்கைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி ஓட்டப் போகிறவர் என்றால் மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்றில் ஐபியு 38, இன்னொன்றில் 60 என்று போட்டிருக்கிறது. எது நல்லது?

அது பரீட்சை மார்க் மாதிரி கூடினால் நல்லது என்கிற எண் கிடையாது. ஹாப்ஸிலிருந்து வந்த கசப்புப் பொருள் லிட்டருக்குச் சுமார் எத்தனை மில்லிகிராம் என்கிற கணக்கு, அவ்வளவுதான். அமெரிக்கப் பேல் ஏல் பெரும்பாலும் 30 முதல் 50க்குள் இருக்கும். மால்ட் இனிப்பு தூக்கலாக இருந்தால் 60கூட மென்மையாக இறங்கும். மெலிந்த பீரில் 35கூடக் கடிக்கும்.

எண்ணை விட்டுவிட்டுத் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் மணம்தான் முதலில் ஓடிப்போவது. மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடம் சூட்டில் கிடந்ததில் நனைந்த அட்டைப்பெட்டி வாடைதான் மிஞ்சும்.

கேள்வி: பாட்டிலைத் திறந்ததும் ஏதோ மிருக நாற்றம். கடைக்காரர் "கிராஃப்ட் என்றால் அப்படித்தான்" என்கிறார்.

அப்படி இருக்கக் கூடாது. அது வெளிச்சம் பட்ட பீர். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைக்கும்போது கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் உண்டாகிறது. ஸ்கங்க் என்கிற பிராணி பீய்ச்சுகிற நாற்றத்துக்கு அது நெருங்கிய உறவு. பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும், பச்சை சரியாகத் தடுக்காது, கேன் என்றால் கவலையே இல்லை. நானே ஒரு முறை ஊற்றிய கிளாஸ்களை வெயில் விழும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்துப் பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படம் நன்றாக வந்தது.

வெண்ணெய் வாடையோ பச்சை ஆப்பிள் வாடையோ வந்தால் பெரும்பாலும் நொதிக்கவைக்கிற ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கலங்கலாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. நொதித்த பிறகு ஹாப்ஸை ஊறவைத்தாலே கலங்கும். புளித்த நெடி அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நண்பன் மாம்பழம், பைன் பிசின் என்று அடுக்குகிறான். எனக்குப் பீர் வாசனை மட்டும்தான் வருகிறது. மூக்கில் கோளாறா?

மூக்கு நன்றாகத்தான் இருக்கும், பெயர் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவே. பழமா, பூவா, மரமா, புல்லா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறி மோந்துவிட்டு உடனே கிளாஸை மோந்து பாருங்கள். கேஸ்கேட் போட்ட பீர் என்றால் சட்டென்று பிடிபடும். சிட்ரா, மொசைக் ரகங்களில்தான் உங்கள் நண்பர் சொல்கிற மாம்பழம் வரும். ஆனால் அவரை வாய் திறக்க விடாதீர்கள். ஒருவர் மாம்பழம் என்று சொன்ன பிறகு எல்லோருக்கும் மாம்பழம்தான் வரும்.

கேள்வி: நாலு வகை வாங்கி வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

கசப்பும் ஆல்கஹாலும் குறைந்ததில். ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும். இடையிடையே தண்ணீர், வெறும் ரொட்டித் துண்டு. செண்ட் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஒன்று மட்டும்: முதல் கிளாஸில் இரண்டு மடக்கு மிச்சம் வைத்து, நாலாவது முடிந்ததும் அதற்குத் திரும்புங்கள். குளிர் விட்டிருக்கும், வாயுவும் குறைந்திருக்கும். முதலில் "சுமார்" என்று எழுதியதை அந்த இரண்டு மடக்கில் பல தடவை அடித்து எழுதியிருக்கிறேன்.