குளோன் வாழைக்கண்டு எண்டு வாங்கினது, ஏன் சிலது குள்ளமா நிக்குது?

விசுவமடுவில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. லொறியில கொண்டுவந்து வித்தவையிட்ட கவண்டிஷ் இன வாழையின்ர இழையவளர்ப்புக் கண்டு (ஆய்வுகூடத்தில போத்தலுக்குள்ள பெருக்கின கண்டு) வாங்கி நட்டவவாம், "எல்லாம் ஒரே குளோன், வருத்தம் வராது" எண்டு சொல்லித்தான் தந்தவை, இப்ப நாலைஞ்சு கண்டு மட்டும் குள்ளமா நிக்குதாம்.

அக்கா, குளோன் எண்டால் விதையில்லாமல் ஒரே தாயில இருந்து வந்த பிள்ளையள், பரம்பரை அலகு ஒண்டுதான், அவ்வளவுதான். உங்கட வளவில கதலிக்குப் பக்கத்தில கிண்டி நடுற குட்டியும் குளோன்தான். வருத்தம் வராது எண்டது சுத்தப்பொய். தாயில வைரஸ் இருந்தால் போத்தலுக்குள்ள பெருக்கின கண்டுகளுக்கும் அது போகும். குரோஸ் மிச்செல் வாழை ஏற்றுமதியில இருந்து 1950, 60களில அழிஞ்சதே எல்லாம் ஒரே குளோனா இருந்து பனாமா வாடல் எண்ட பூஞ்சண வருத்தம் ஒருமிக்கப் பிடிச்சதாலதான்.

சரி, குள்ளம் ஏன்? குருத்து நுனியை வெட்டி, ஹோர்மோன் போட்டு, திருப்பித் திருப்பி வெட்டிப் பெருக்கேக்க சில கலங்கள் மாறிப்போகும், இதுக்கு சோமகுளோனல் மாறல் எண்டு 1981இல லார்கின், ஸ்கோகிராஃப்ட் எண்ட ரெண்டு பேர் பேர் வைச்சவை. கவண்டிஷில கூடுதலா வாறது இந்தக் குள்ளம்தான். லாபத்துக்காக அளவுக்கு மிஞ்சிப் பெருக்கினால் கூடும், எத்தினை தரம் பெருக்கினது எண்டு லொறிக்காரன் சொல்லமாட்டான், கேட்டு எழுதி வாங்கித் தர இங்க ஒரு ஒழுங்கும் இல்லை, விவசாயிதான் அலையவேணும்.

ஆனா முதல்ல இதைப் பாருங்கோ. இலைத்தண்டைக் கவிட்டுப் பிடிச்சு, கீழ்ப்பக்கம் கரும்பச்சையில புள்ளியும் கீறும் இருக்கோ, புது இலை ஒடுங்கி ஓரம் மஞ்சளாகி உச்சியில கொத்தா நிமிந்து நிக்குதோ? அப்பிடியெண்டால் அது குளோன் மாறல் இல்லை, முடிக்கொத்து வைரஸ். உடன வெட்டாதேங்கோ, முதல்ல மருந்தடிச்சு அழுக்கணவனை, அதுதான் இந்த வைரஸைக் காவுற சின்னப் பூச்சியை, கொல்லுங்கோ, இல்லாட்டி அது வைரஸோட பக்கத்துக் கண்டுக்குத் தாவும், பிறகு கிழங்கோட கிண்டி அழியுங்கோ.

இலை அகலமா, பச்சையா, நெருக்கமா நிண்டால் வெறும் குள்ளம். குலை போடும், சின்னன்தான். இடத்துக்காக வைச்சிருந்தாலும் அதில குட்டி மட்டும் எடுத்து நடாதேங்கோ, குட்டியும் குள்ளமாத்தான் வரும். படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுங்கோ, அவர் வர எத்தினை கிழமை போனாலும் விடாமல் கோல் பண்ணுங்கோ, பில்லும் வைச்சிருங்கோ.